ஸ்பானிஷ் வகுப்பில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கும்பகோணத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். சுவாமிமலை, தாராசுரம், திருவிடைமருதூர் பக்கமிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிறார்கள். முதல் நாளே வகுப்பு விதிகளை ஒரு தாளில் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வேன். ஆனால் அந்த விதிகள் எதற்காக என்பது ஒரு தாளில் அடங்காது. ஆண்டுதோறும் அதே தவறுகளைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, எதையும் ஆங்கிலத்தில் யோசித்து அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போவது. புத்தகம் ஆங்கிலத்தில் விளக்குவதால் அதுதான் வழி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல இடங்களில் தமிழ்தான் குறுக்கு வழி. 'எனக்குச் சோறு பிடிக்கும்' என்பதை ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் அர்ரோஸ்' என்பார்கள். 'மே' என்றால் எனக்கு, 'குஸ்தா' என்றால் பிடிக்கும். நம் வாக்கியமேதான். ஆங்கிலம் சுற்றி வரும் பிள்ளை 'நான்' என்று ஆரம்பித்து 'யோ குஸ்தோ' என்று எழுதிவிடுகிறது. 'ஆப்லோ' என்ற ஒரே சொல்லுக்குப் 'பேசுகிறேன்' என்று பொருள். நம் வினைமுற்றைப் போலவே விகுதிக்குள் 'நான்' இருக்கிறது. வரிக்கு வரி 'யோ, யோ' என்று எழுத வேண்டியதில்லை. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு: 'தூ', 'உஸ்தெத்'. என் வகுப்பில் நண்பர்களுக்குள் 'தூ', ஆசிரியரிடம் 'உஸ்தெத்'. இதை நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், பிறந்ததிலிருந்து பழகியதுதானே.

தமிழ் கைகொடுக்காத இடமும் இருக்கிறது. ஸ்பானிஷில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். நமக்கு இரண்டுமே அஃறிணை. அதனால் 'மெஸா', 'லிப்ரோ' என்று சொல்லை மட்டும் உருப்போட்டால் பின்னால் திண்டாட வேண்டும். 'லா மெஸா', 'எல் லிப்ரோ' என்று பாலைக் காட்டும் 'லா', 'எல்' சேர்த்தே நோட்டில் எழுதச் சொல்கிறேன். 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால் என்று மட்டும் நம்பியிருந்தால், கையைக் குறிக்கும் 'லா மானோ' கவிழ்த்துவிடும். அது பெண்பால்.

உச்சரிப்பில் ஒரு மாணவி ஒரு வாரம் சிரமப்பட்டாள். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். இரண்டையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். கரும்பலகையில் 'கரை', 'கறை' என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். பேச்சில் நாம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம், ஆனால் தமிழ் மிஸ் அழுத்திச் சொல்லிக்கொடுத்த 'ற' அவளுக்கு நினைவில் இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் உருட்டச் சொன்னேன், 'பெர்ரோ' வந்துவிட்டது. 'என்' எழுத்தின் தலையில் வரும் அலைக்கோடும் அப்படித்தான். அது நம் 'ஞ'. அதை விட்டுவிட்டு எழுதினால் ஆண்டைக் குறிக்கும் 'ஆஞோ' ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். அதனால்தான் கோடு விட்டால் அரை மதிப்பெண் குறைக்கிறேன். கறாராகத் தோன்றும், ஆனால் எழுத்து மாறினால் சொல்லே மாறுகிறது.

அடுத்தது, ஹோம்வொர்க்கை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுப்பது. இது கண்டுபிடிக்க முடியாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நிகழ்காலமே முழுதாக நடத்தாத வகுப்பில் ஒரு நோட்டில் 'சி துவியெரா', அதாவது இல்லாததைக் கற்பனை செய்து 'என்னிடம் இருந்தால்' என்று சொல்லும் வடிவம் வந்தால், அது அந்தப் பிள்ளை எழுதியதில்லை என்று உடனே தெரிந்துவிடும். என் விதி இதுதான்: ஒரு சொல்லைத் தேடலாம், முழு வாக்கியம் கூடாது. சொல்லைத் தேடும்போதும் முதலில் வருவதை அப்படியே எடுக்கக் கூடாது. 'காவிரிக் கரையில் நடக்கிறேன்' என்று எழுத நினைத்த மாணவன் கரைக்கான ஆங்கிலச் சொல்லான 'பேங்க்' என்பதைத் தேடி, முதலில் வந்த 'பாங்கோ'வை எழுதினான். அது பணம் போடும் வங்கி. அவனுக்கு வேண்டியது 'ஒரீயா'. இந்தத் தவறுக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை, அவன் சொந்தமாக யோசித்து எழுதியது அது. செயலி தந்த பிழையில்லாத பக்கத்துக்குத்தான் பூஜ்யம்.

பெற்றோர் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். 'பேச வராது மிஸ், எழுத்தில் மார்க் வாங்கிவிடுவான்' என்கிறார்கள். ஸ்பெயினின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டேலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பள்ளி மாணவர்களுக்கென்றே ஏ1 என்ற தொடக்க நிலை இருக்கிறது. படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. படித்தலும் எழுதுதலும் ஒரு பிரிவு, கேட்டலும் பேசுதலும் இன்னொன்று. ஒவ்வொரு பிரிவிலும் 50-க்கு 30 வாங்க வேண்டும். கேட்டலில் முழு 25 வாங்கினாலும் வாய் திறக்காத பிள்ளை தேற முடியாது. வகுப்பில் தினமும் ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியமாவது பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். தப்பாகப் பேசினாலும் அன்றைக்குரிய மதிப்பெண் உண்டு. பேசாமல் இருந்தால்தான் கிடையாது.

போன் பையில் இருக்கட்டும். பஸ் லேட்டானால் 'பெர்தோன்', அதாவது 'மன்னிக்கணும்' என்று சொல்லிவிட்டு உட்காரலாம், விளக்கம் வேண்டாம்.

விடுமுறை விஷயத்தில் நிறையக் குழப்பம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கலெக்டர் லீவு விட்டால் என் வகுப்பும் கிடையாது. அன்று தர வேண்டிய ஹோம்வொர்க் தானாகவே அடுத்த வகுப்புக்குத் தள்ளிப்போகும், யாரும் போன் பண்ண வேண்டாம். ஆடிப்பெருக்கு, வீட்டுக் கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் முன்பே தெரிந்தவை. அவற்றுக்கு முன்கூட்டியே சொன்னால் டெஸ்ட்டை வேறு நாளில் வைக்கிறேன். போய்விட்டு வந்து சொன்னால் வைப்பதில்லை.

ஹோம்வொர்க் பத்து மதிப்பெண். ஒரு வகுப்பு தாமதமானால் இரண்டு குறையும். மூன்று வகுப்பு தாண்டினால் மதிப்பெண் இல்லை, ஆனாலும் திருத்தித் தருவேன். இந்த இரண்டு மதிப்பெண்ணுக்குப் பயந்து வகுப்புக்கே வராமல் இருப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. ஒரு நாள் விட்டால் அன்றைய பாடமும் போகிறது, மறுநாள் வர இன்னும் கூச்சமாகிறது. அப்புறம் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. எழுதாத நோட்டோடு வாசலில் தயங்கி நின்ற பையன் ஒருவனை உள்ளே கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன்: 'நோ லோ எ எச்சோ', நான் அதைச் செய்யவில்லை. இப்போது முதல் நாள் தாளிலேயே அதை அச்சடித்துத் தருகிறேன். யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லிவிட்டு உள்ளே வரலாம். அன்றைக்குப் பேச வேண்டிய இரண்டு வாக்கியங்களில் ஒன்றாக அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.