மலேசிய அடையாள அட்டையில் (ஐசி) உள்ள பெயருக்குப் பூர்வீகம் தேடுவது எப்படி?

குழந்தைப் பெயர்த் தளங்கள் பக்கம் போகாதீர்கள். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் 'ஒளி மிக்கவர்', 'வெற்றியாளர்' என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும்.

ஐசியில் ஏ/எல் (மலாயில் 'மகன்'), ஏ/பி ('மகள்') என்பதற்குப் பின்னால் இருப்பது அப்பா பெயர். அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் சொந்தப் பெயர், அப்பா பெயர் இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

படி 1: பெயரைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவருவது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தக் காலக் கிராணிகள் (எழுத்தர்கள்) காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். ஆங்கில 'எல்' ஒன்றே ல, ள, ழ மூன்றுக்கும். 'ஆர்' ர, ற இரண்டுக்கும். குறில் நெடில் வித்தியாசமே கிடையாது. 'கே-ஏ-எல்-ஐ' என்று தொடங்கும் பெயர் காளியப்பனாகவும் இருக்கலாம், கலியபெருமாளாகவும் இருக்கலாம். முன்னது அம்மன் வழி, பின்னது பெருமாள் வழி. இதில் தப்பினால் மற்றதெல்லாம் தப்பு.

எனவே சாத்தியமான எழுத்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பெரியவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல சாட்சி பழைய தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, அல்லது தாத்தாவின் தமிழ்க் கையெழுத்து. புதிய பத்திரிகையை நம்பாதீர்கள். அதில் சூசை ஜோசப் ஆகியிருப்பார்.

படி 2: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தேடுங்கள் (1924-1936, இணையத்தில் இலவசம்). ஆனால் அகராதியோடு நிற்க வேண்டாம். 'பாவாடை' என்று தாத்தா பெயர் இருந்தால் பேரப்பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். மேல்மலையனூர் அங்காளம்மனின் காவல் தெய்வம் பாவாடைராயன். அந்தப் பெயர் பெரும்பாலும் பழைய தென்னாற்காட்டுப் பக்கத்தைக் காட்டும். மாடசாமி என்றால் திருநெல்வேலிப் பக்கம் பாருங்கள். ஊர் தெரியாதவர்களுக்குக் குலசாமிப் பெயரே நல்ல துப்பு.

படி 3: கத்தோலிக்கக் குடும்பமா? அகராதியை விட்டுவிட்டுப் புனிதர் பட்டியலுக்குப் போங்கள். சவரிமுத்துவில் இருப்பவர் சவேரியார். சூசை, போர்த்துகீசிய 'ஜோசே' வழி வந்தவர். சின்னப்பன் என்பது பவுல். லத்தீனில் அந்தப் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருள். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டால் பெயர் வைத்த காரணமும் சில சமயம் பிடிபடும்.

படி 4: உண்மையிலேயே குடும்பப் பெயர் இருந்தால் வேலை சுலபம். பினாங்கில் 'மெரிக்கன்' என்பது அமெரிக்கா இல்லை, மரைக்காயர். சோழமண்டலக் கரையின் கடல் வணிகர்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பிய காதர் மைதீனும் மெரிக்கன்தான். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். கந்தையா, தம்பையா என்று அப்பா பெயர் வந்தால், குறிப்பாகக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடும்பமானால், தமிழ்நாட்டில் தேடி நேரத்தை வீணாக்காமல் யாழ்ப்பாணத்தில் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: குப்பன், குப்பம்மாள், பிச்சை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இவை இழிவுப் பெயர்கள் அல்ல. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டியெடுத்தோ, சாமியிடம் பிச்சையாகப் பெற்றதாகச் சொல்லியோ வைத்த பெயர்கள். அவருக்கு முன் பிறந்தவர்கள் தவறினார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். ஐசியில் அது இருக்காது.