கிட் கிதாரும் அந்த 'ம்ம்ம்' இரைச்சலும்

ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் கிதார் கிட் (பாகங்களா வரும், நாமளே பூட்டணும்) ஒண்ணு வாங்கி மூணு வாரமா உக்காந்து பாலிஷ் எல்லாம் போட்டு முடிச்சு, ஆசையா ஆம்ப்ளிஃபையர்ல சொருகுனா ம்ம்ம்ம்னு ஒரே இரைச்சல், உள்ள கிரைண்டர் ஓடுதாடான்னு அம்மா கேக்கறாங்க. கம்பி அதிர்வ சிக்னலா மாத்தற பிக்அப் சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்) வகைன்னா நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ் ஹம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஆனா இது கொஞ்சம் இல்ல. கேபிள மாத்திப் பாத்தேன், டியூப் லைட்ட அணைச்சேன், ம்ஹூம்.

அப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன். கம்பியத் தொட்டா சத்தம் அப்படியே இருக்கு, கேபிள் சொருகற ஜாக் தகட்டத் தொட்டா டக்குனு அடங்குது. அப்போ ஜாக் வரைக்கும் கிரவுண்ட் (எர்த் இணைப்பு) சரி, கம்பிக்குத்தான் போகல. மல்டிமீட்டர, இணைப்பு இருந்தா பீப் அடிக்கற மோட்ல போட்டு ஒரு முனைய கம்பிலயும் இன்னொன்ன வால்யூம் பாட் (சத்தம் கூட்டிக் குறைக்கற திருகு) முதுகுலயும் வச்சேன், பீப்பே இல்ல.

பின்மூடியக் கழட்டினா, ட்ரெமலோ (சுருதிய ஆட்டற நெம்பு) ஸ்பிரிங்கெல்லாம் மாட்டியிருக்கற இரும்புத் தகட்டுல கருப்பு கிரவுண்ட் வயர் ஒட்டுன மாதிரியே உக்காந்திருக்கு, லேசா இழுத்தேன், கையோட வந்துருச்சு. தப்பு என்னோடதுதான், 25 வாட் சால்டரிங் அயர்ன்ல அவ்ளோ பெரிய தகடு சூடே ஆகல, ஈயம் சும்மா உருண்டையா மேல நின்னுருக்கு. அந்த இடத்த உப்புத்தாள் வச்சு பளபளன்னு தேய்ச்சு, ஈயம் நல்லா பிடிக்க ஃப்ளக்ஸ் தடவி, டிவி ரிப்பேர் கடை அண்ணன்கிட்ட 60 வாட் அயர்ன் கடன் வாங்கி வச்சேன் பாருங்க, ஈயம் தண்ணி மாதிரி பரவுச்சு.

இப்போ கம்பில கை வச்சா அமைதி. கைய எடுத்தா லேசா ஒரு முனகல் இருக்கு, அதையும் குறைக்க உள்ள செம்பு டேப் ஒட்டணும், அத ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.