அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்ததா, அடித்ததா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்றாவது மாடியில் தீ அலாரம் நேற்றிரவு ‘வென்ட் ஆஃப்’, உடனே கவனிக்கவும் என்று. அலாரம் செத்துவிட்டது போல என்று நினைத்து, பேட்டரியை மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினேன். போனவர் திரும்பி வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரவெல்லாம் அலறித் தீர்த்த அலாரமாம் அது.

‘ஆஃப்’ என்று காதில் விழுந்தாலே நமக்கு சுவிட்ச்தான் ஞாபகம் வரும். ‘வென்ட்’ என்பது ‘கோ’வின் இறந்த காலம், ‘கோ’ என்றால் போ. ஆக, கரண்ட் போயிடுச்சு என்கிற மாதிரி அலாரமும் போயிடுச்சு. கணக்கு சரிதான், விடைதான் தப்பு. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் அணைகிறது. அலாரம் என்றால் அடிக்கிறது. வெடிகுண்டு என்றால் வெடிக்கிறது. பிரிட்டிஷ்காரர் வீட்டில் பால் ‘கோ ஆஃப்’ ஆனால் கெட்டுப்போகிறது. எழுவாயைப் பார்க்காமல் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லவே முடியாது.

இப்படி வினையோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற துணைச்சொல் சேர்ந்து தனிப்பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். எனவே, ஒரு ஃப்ரேசல் வெர்புக்கு ஒரு தமிழ் அர்த்தம் என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு மனப்பாடம் செய்வதை முதலில் நிறுத்துங்கள். ‘டேக் ஆஃப்’ என்றால் விமானம் கிளம்புவது என்று மட்டும் படித்தவர், சட்டையை ‘டேக் ஆஃப்’ செய்யச் சொன்னால் முழிப்பார். வியாபாரம் ‘டேக் ஆஃப்’ ஆனால் சூடுபிடித்துவிட்டது. ஒருத்தர் இரண்டு நாளை ‘டேக் ஆஃப்’ செய்தால் லீவு போட்டிருக்கிறார். சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், இந்த வகைச் சொற்கள்தான் பிறமொழிக்காரர்களுக்குப் பெரிய சிரமம் என்று எழுதினார். அதில் ‘டேக் ஆஃப்’ என்பதற்கு அவர் கொடுத்த பொருள், ஒன்றைப் பார்த்து அப்படியே செய்வது. அவர் காலத்தில் விமானம் ஏது? ஒருவரைப் போலவே பேசி நடித்துக் காட்டுவதை பிரிட்டனில் இன்றும் அப்படிச் சொல்கிறார்கள். பழைய பொருள் போகாமலே புதுப் பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு தவறு, சொல்லைப் பிய்த்துப் பார்ப்பது. ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே, அப்படியானால் கைவிடுவதைக் குறிக்கும் ‘கிவ் அப்’ என்றால் மேலே கொடுப்பதா? இதைக் கேட்டுச் சிரிக்கிற நாம், தமிழில் இதே வேலையை நாள் முழுக்கச் செய்கிறோம். ‘கண்டுபிடி’ என்கிறபோது யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. ‘காட்டிக்கொடு’ என்பதில் கொடுப்பது என்ன? ‘சொல்லிக்கொடு’ என்பதில் அதே ‘கொடு’ வந்து வாத்தியார் வேலை பார்க்கிறது. ‘புட் ஆஃப்’ என்பதற்கு நம்மிடம் ‘தள்ளிப்போடு’ இருக்கிறது. ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கு ‘பார்த்துக்கொள்’. பார் என்ற வினைதான் இரண்டு மொழியிலும் அடிப்படை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். தமிழில் முழுசாக விழுங்குவதை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் மென்று பார்க்கிறோமோ தெரியவில்லை.

துணைச்சொல்லுக்கு ஒரு வாசனையே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘டிரிங்க் அப்’ மூன்றிலும் ‘அப்’ செய்கிற வேலை, ‘தின்று தீர்த்துட்டான்’ என்பதில் ‘தீர்’ செய்கிற வேலைதான். ஆனால் இதை விதியாக்கிவிடாதீர்கள். வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’, படிவத்தை நிரப்பினால் ‘ஃபில் இன்’, ‘ஃபில் அவுட்’ இரண்டும் ஒன்றே.

சொல் வைக்கிற இடத்தில் நாம் அதிகம் சறுக்குவது வண்டியில் ஆள் ஏற்றும்போதுதான். ‘ஐ வில் பிக் அப் யூ’ என்று வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறேன். ரவியை ‘பிக் அப் ரவி’ என்றாலும் சரி, ‘பிக் ரவி அப்’ என்றாலும் சரி. ஆனால் யூ, ஹிம், இட் போன்றவை வந்தால் நடுவில்தான் உட்காரும்: ‘பிக் யூ அப்’. இதைப் பார்த்து ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்று எழுதினால் மறுபடி தப்பு. அந்தச் சொல் பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்று அறிய ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைத் திறந்தால் போதும். ‘புட் சம்திங் ஆஃப்’ என்று நடுவில் ‘சம்திங்’ இருந்தால் பிரியும்.

நம் ஊர் ஆங்கிலத்துக்கு வருகிறேன். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2015’ என்று வெளிநாட்டுக்காரரிடம் நேர்முகத்தில் சொன்னால், மயங்கி விழுந்த கதையை எதற்குச் சொல்கிறார் என்று யோசிப்பார். பட்டம் வாங்கியதற்கு ‘கிராஜுவேட்டட்’ போதும். சென்னை பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்தில் நடக்கும் ‘பாஸிங் அவுட்’ அணிவகுப்பு மட்டும் சுத்தமான பிரிட்டிஷ் வழக்கு, அதைத் தொட வேண்டாம். சமாளிப்பதற்கு நாம் சொல்லும் ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ கிடையாது; ‘கீப் அப் வித்’ என்பதிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ‘மை மதர் க்ரூ மீ அப்’ என்பதும் அப்படித்தான். நமக்கு வளர்ந்தேன், வளர்த்தாள் இரண்டும் ஒரே வேர். அவர்களுக்கு நான் ‘க்ரூ அப்’, அம்மா என்னை ‘பிராட் அப்’.

தமிழுக்குள் குடியேறியவை வேறு குழப்பும். ஒருத்தன் ‘பில்டப்’ கொடுக்கிறான் என்றால் நமக்குப் பீலா. எல்லாம் ‘செட்டப்’ என்றால் ஏற்பாடு செய்த நாடகம். ஆங்கிலத்தில் கம்பெனியை ‘செட் அப்’ செய்வது கௌரவமான காரியம், உடம்பில் பலத்தை ‘பில்ட் அப்’ செய்வது நல்ல காரியம்.

மூன்றாவது சொல்லை விழுங்குவதுதான் விலை அதிகமான தவறு. ‘லுக் அப்’ என்றால் அகராதியில் தேடுவது. ‘லுக் அப் டு’ என்றால் ஒருவரை மதித்து அண்ணாந்து பார்ப்பது. ஊருக்கு வரும் நண்பரிடம் ‘ஐ கேன்ட் புட் யூ அப்’ என்றால், வீட்டில் தங்க இடமில்லை என்று பொருள். வருத்தப்படுவார், ஓட்டலில் அறை போட்டுக்கொள்வார். ‘ஐ கேன்ட் புட் அப் வித் யூ’ என்றால், உன்னைச் சகிக்க முடியவில்லை என்று பொருள். அப்புறம் அவர் ஊருக்கே வர மாட்டார்.