நகரக் குப்பையில் சுழற்சிப் பொருளாதாரம்: எங்கே சறுக்குகிறது?

தூக்கி எறிந்ததை உரமாகவோ மூலப்பொருளாகவோ மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதுதான் சுழற்சிப் பொருளாதாரம். இயந்திரத்தை வாங்கிவிட்டு அதற்கேற்ற குப்பையைத் தேடுவதுதான் இதில் நகரங்கள் செய்யும் முதல் தவறு. டெல்லி திமார்பூரில் 1987-இல் நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஆலை கட்டினார்கள். கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும் என்பது கணக்கு. வந்ததோ அதில் பாதி வெப்பம்கூடத் தராத, ஈரமும் மண்ணும் கலந்த குப்பை. ஆலை நீடிக்கவில்லை.

ஆகவே டெண்டருக்கு முன் குப்பையை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலிருந்தும் 100 கிலோ எடுத்துத் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை ஒதுக்குங்கள். மீதியை மறுபடி இதேபோல் பிரியுங்கள். 10, 12 கிலோவுக்கு வந்ததும் வகைவாரியாக எடை போடலாம். ஞாயிற்றுக்கிழமையும் மழைநாளும் கணக்கில் வராவிட்டால் அளவீடு பொய் சொல்லும்.

வீட்டில் பிரித்ததை வண்டியில் கலப்பது அடுத்தது. மக்கும் குப்பைத் தொட்டி பாதித் தெருவிலேயே நிரம்பிவிடும். மிச்சம் மக்காத குப்பையின் மேல் போய் விழும். சாம்பார் பட்ட அட்டையைக் காயலான் கடைக்காரர் தொடமாட்டார். பிரித்துக் கொடுத்த குடும்பமும் அதைப் பார்த்த மறுநாளே பிரிப்பதை நிறுத்திவிடும். ஈரக் குப்பையைத் தினமும், உலர் குப்பையை வாரம் ஒரு குறிப்பிட்ட நாளிலும் எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

அதிகம் கெடுவது உரத் தொட்டியில்தான். காய்கறிக் கழிவில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் கொட்டினால் காற்றுப் போகும் இடுக்கெல்லாம் அடைபட்டு, உள்ளே அழுகி, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். பிறகு ஈ, கசிவுநீர், அக்கம்பக்கத்தார் மனு, உர மையத்துக்குப் பூட்டு.

இதைத் தவிர்க்க, மூன்று கூடை ஈரக் கழிவுக்கு ஒரு கூடை காய்ந்த இலை அல்லது தேங்காய் நார், மேலே சாணக் கரைசல். கழிவைச் சுமார் இரண்டு அங்குலத் துண்டாக நறுக்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் இலை சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சில நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி சூடு ஏறும். ஏறாவிட்டால் ஈரமோ காற்றோ பச்சைக் காய்கறிக் கழிவோ போதவில்லை. அமோனியா நெடி அடித்தால் பச்சைக் கழிவு மிகுதி. வாரம் ஒருமுறை கிளறுங்கள். இளநீர்க் கூட்டை முழுதாகப் போடுவது இடத்தை அடைக்கத்தான் உதவும்.

அவசரப்பட்டு அரைகுறையாய் மக்கியதை விற்காதீர்கள். அது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும், விவசாயி மறுமுறை வரமாட்டார். நகர உரத்தில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் கலந்த குப்பையிலிருந்து இந்த உலோகங்களைச் சல்லடையால் பிரிக்க முடியாது. பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்த மண்ணை உரமென்று கொடுப்பதும் இதனால்தான் ஆபத்து.

உலர் குப்பையில் எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. தண்ணீர் பாட்டிலோடு பிவிசி என்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக் கொஞ்சம் கலந்தாலும் உருக்கும்போது அமிலம் வெளியேறி மொத்தச் சரக்கும் பழுதாகும். பல அடுக்குச் சிப்ஸ் பாக்கெட்டுக்கு வாங்குவோர் அரிது. அது சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். ஆனால் பாட்டிலையும் அட்டையையும் சேர்த்துச் சூளைக்கு அனுப்புவது சுழற்சி அல்ல, எரிப்பு. பிவிசியைச் சூளைக்கும் அனுப்பக்கூடாது. குளோரின் உள்ளே படிந்து அடைக்கும்.

குப்பை பொறுக்குவோரை வெளியே தள்ளிவிட்டு இதையெல்லாம் செய்ய நினைப்பது வீண் செலவு. கிழித்துப் பார்த்தே பிளாஸ்டிக்கின் ரகம் சொல்பவர்கள் அவர்கள். அவர்களை அமைப்பில் சேர்க்கச் சொல்லியிருந்தன 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள். அடையாள அட்டையும் பிரிக்கும் கூடத்தில் இடமும் கொடுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகும் டன்னுக்குப் பணம் என்று எழுதினால் குப்பை குறைவதை ஒப்பந்தக்காரர் எப்படி விரும்புவார்? சேவை பெறும் வீட்டுக்கு இவ்வளவு, பிரித்து ஒப்படைக்கும் கிலோவுக்கு இவ்வளவு, கிடங்குக்குப் போகும் மிச்சம் உச்சவரம்பைத் தாண்டினால் பிடித்தம் என்று எழுதுங்கள். எடைமேடை ரசீது இல்லாத லோடுக்குப் பில் போடாதீர்கள்.