கீ கால்கர் தீவில் கையைக் கடிக்கும் தவறுகள்

மத்திய அமெரிக்காவில், பெலீஸ் நாட்டுக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாகக் கிடக்கும் பவளத் திட்டு கீ கால்கர். Caye என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘காயே’ என்று படித்துவிடத் தோன்றும்; அங்கே சொல்வது ‘கீ’. மணல் தெரு, சைக்கிள், கோல்ஃப் கார்ட். போக்குவரத்து என்றால் அவ்வளவுதான். ‘கோ ஸ்லோ’ என்று ஊரெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள். அதை அழகுக்கு எழுதியது என்று நினைத்து, மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பவர்களின் பர்ஸ்தான் அங்கே முதலில் காலியாகும்.

முதல் அடி பெரும்பாலும் டாலரில் விழும். பெலீஸ் டாலர் இரண்டு கொடுத்தால் அமெரிக்க டாலர் ஒன்று. இது நிர்ணயிக்கப்பட்ட விகிதம், தினமும் ஏறி இறங்குவதில்லை. இரண்டு நோட்டையும் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் பெயர் டாலர். சாப்பாட்டுக் கடைப் பலகையில் 15 என்றால் அநேகமாகப் பெலீஸ் டாலர். படகுச் சுற்றுலாக்காரர் 50 என்றால் அமெரிக்க டாலராகவும் இருக்கலாம். “பெலீஸா, யூ.எஸ்ஸா?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். அறை வாடகை பேசும்போது இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: 9 சதவீத ஓட்டல் வரி இதில் சேர்ந்ததா, தனியா? அப்புறம், ஏ.டி.எம்மை மட்டும் நம்பி வெறுங்கையோடு படகேறக் கூடாது. தீவில் மெஷின்கள் குறைவு. மிச்சமாகும் பெலீஸ் நோட்டை அந்த நாட்டுக்கு வெளியே மாற்றுவதும் பெரும்பாடு, அங்கேயே செலவழித்துவிட்டு வருவது நல்லது.

வந்து சேரும் நாளையும் கணக்குப் போட வேண்டும். விமானம் இறங்குவது பெலீஸ் சிட்டிக்கு வெளியே. அங்கிருந்து படகுத்துறைக்கு டாக்சி. தனியாக ஏறினால் விலை உறைக்கும், வரிசையிலேயே கூட்டாளி தேடிக்கொள்ளுங்கள். படகில் முக்கால் மணி நேரம். சாயங்காலத்தோடு படகுகள் நின்றுவிடும் என்பதால், பிற்பகல் பிந்தி இறங்கும் மலிவு டிக்கெட் உண்மையில் மலிவு இல்லை. நகரத்தில் ஒரு ராத்திரி தங்கும் செலவு தலையில் விழும். அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இந்தியப் பாஸ்போர்ட்டில் விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும்.

நீண்ட வெள்ளைக் கடற்கரையை எதிர்பார்த்துப் போவது அடுத்த தவறு. அப்படி ஒன்று அங்கே இல்லை. கரையோரம் பெரும்பாலும் கடற்புல். சில மாதங்களில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி கிழக்குக் கரையில் குவிந்து நாறும். குளிக்க எல்லாரும் போகிற இடம் ‘ஸ்ப்ளிட்’, தீவை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய். 1961இல் ஹாட்டி புயல் அறுத்துவிட்டது, பிறகு ஊர்க்காரர்கள் தோண்டி ஆழப்படுத்தினார்கள் என்பது அங்கே சொல்லும் கதை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் இழுப்பு பலம், படகுகளும் போய்க்கொண்டே இருக்கும். எதிர்க்கரை பக்கம்தானே என்று நீந்திக் கடக்க முயலாதீர்கள்.

கோல்ஃப் கார்ட் வாடகைக்கு எடுப்பதைப் போல வீண்செலவு இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. ஊர்ப்பகுதியை நடந்தே சுற்றிவிடலாம்.

செலவழிக்கத் தகுந்தது கடலுக்குள்தான் இருக்கிறது. பெலீஸ் பவளத்திட்டு வரிசை 1996இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; தீவின் கிழக்கே கரையில் நின்றாலே வெள்ளை அலைக்கோடாகத் தெரியும். தெரிகிறதே என்று கரையிலிருந்து நீந்திப் போகலாம் என நினைக்காதீர்கள். படகில், வழிகாட்டியோடு போக வேண்டும். அரை நாள் பயணம் பக்கத்திலேயே முடிந்துவிடும். முழு நாள் பயணம் ஹோல் சான் கடல் காப்பகம் வரை போகும். கையில் காசு ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது என்றால் முழு நாளுக்கே கொடுங்கள் என்பேன். ‘ஷார்க் ரே ஆலி’ என்ற இடத்தில் மீனவர்கள் முன்பு மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கொட்டினார்கள். அதற்குப் பழகிய நர்ஸ் சுறாக்களும் திருக்கைகளும் இன்னும் படகுச் சத்தம் கேட்டால் கூடுகின்றன. தொடாமல் பார்த்தால் போதும்.

கடலுக்குள் இருக்கும் வட்டமான பெரும்பள்ளம் ப்ளூ ஹோல், அதன் விஷயம் வேறு. 300 மீட்டருக்கு மேல் அகலம், 120 மீட்டருக்கு மேல் ஆழம். படத்தில் பார்த்த அந்த நீல வட்டம் ஆகாயத்திலிருந்து மட்டுமே வட்டமாகத் தெரியும். படகில் போகிறவர்களுக்கு அது கருநீலத் தண்ணீர். உள்ளே தொங்கும் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்க 40 மீட்டர் ஆழம் வரை இறங்குவார்கள். முதல்நிலை டைவிங் சான்றிதழின் வரம்போ 18 மீட்டர். ஸ்நார்க்கல் செய்ய, அதாவது மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து பார்க்க மட்டும், அவ்வளவு தூரம் போய், பல நாள் சாப்பாட்டுக் காசைக் கரைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சாப்பாடு. கடலைப் பார்த்த முன்தெருவில் உட்கார்ந்தால் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். பின்தெருக்களுக்குப் போங்கள். காலையில் ஃப்ரை ஜாக்: பூரிக்கு உறவுக்காரன், உள்ளே முட்டையோ பீன்ஸோ வைத்துத் தருவார்கள். மதியத்துக்கு ‘ரைஸ் அண்ட் பீன்ஸ்’ கேட்டால் தேங்காய்ப்பாலில் சோறும் சிவப்புப் பீன்ஸும் ஒன்றாக வெந்து வரும். ‘பீன்ஸ் அண்ட் ரைஸ்’ என்று மாற்றிச் சொன்னால் வெள்ளைச் சோறு தனி, பீன்ஸ் குழம்பு தனி. சைவக்காரர்கள் கவனியுங்கள்: அந்தக் குழம்பில் உப்பிட்ட பன்றிவால் போடுவது அங்கே சாதாரணம். ‘மீட் இல்லையே’ என்று பொதுவாகக் கேட்காமல் ‘பிக்டெயில்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். லாப்ஸ்டருக்கும் பருவம் உண்டு. மார்ச் முதல் ஜூன் வரை பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் யாராவது ‘ஃப்ரெஷ்’ என்று விற்றால் வாங்க வேண்டாம். ஜூலையில் பருவம் திறந்ததும் விழா நடக்கும், அறை வாடகையும் ஏறும்.

சாயங்காலம் காற்று நின்றால் மணல் ஈ கடிக்கும். கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும் அளவு சிறியது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது அங்கேயும் வழக்கம்தான். ஒரு சின்னப் பாட்டில் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கடலில் இறங்கும் முன் துடைத்துவிடுங்கள்.