கிராமத்து கிளினிக்: கட்டடத்துக்கு முன்னாடி கரண்ட் பில்லைக் கணக்குப் போடுங்க

கிராமத்துல கிளினிக் தொடங்க நினைச்சு, டிரஸ்ட் பதிவு, பான், வங்கிக் கணக்கு முடிச்சவங்களுக்கு இது. சென்னையில ஆபீஸ், திருவள்ளூர் தாண்டி கிளினிக்னு நடத்தறதுல கத்துக்கிட்டதை எழுதறேன்.

1. இடம்

சமவெளியில 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம்ங்கறது அரசுக் கணக்கு. அந்த ஊர்ல ஏற்கெனவே என்ன இருக்குன்னு பார்த்துட்டு, இல்லாததைப் பிடிங்க. மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, மருத்துவக் கழிவு வண்டி அந்த ரோட்டுக்கு வருமான்னு கேளுங்க. ரத்தம் படிஞ்ச பஞ்சு விழற மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. வாரம் ஒருதரம்தான் வண்டின்னா வேற மனை பாருங்க.

2. நடத்துற செலவு

எல்லாரும் வழுக்கற இடம் இதுதான். கல்வெட்டுல பேர் வரும்னா கட்டடத்துக்குப் பணம் வந்துடும். நர்ஸ் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைக்கறதில்ல. அதனால முதல்ல சம்பளம், மருந்து, கரண்ட், டீசல், கழிவுக் கட்டணம், ஏஎம்சி (மெஷின்களுக்கான வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாத்தையும் வருஷவாரியா எழுதுங்க. கூகுள் ஷீட் போதும், இதுக்குன்னு விக்கற சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

இலவசமா வர்ற லேப் மெஷின்ல உஷாரா இருங்க. சிலது அந்தந்த கம்பெனி ரீஏஜென்ட்டை (டெஸ்ட்டுக்கு ஊத்தற ரசாயனம்) மட்டும்தான் ஏத்துக்கும்; விலை அவங்க சொல்றதுதான். வேற கம்பெனி ரீஏஜென்ட்டையும் ஏத்துக்கற 'ஓப்பன் சிஸ்டம்' வேணும்னு கேட்டு வாங்குங்க. தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள்ள நிக்கணும், ஊர்ல கரண்ட் போனாலும். அதுக்கான பேக்கப்பும் செலவுக் கணக்குல வரணும்.

கம்பெனி போர்டு 'தொடர் திட்டம்'னு ஒப்புதல் கொடுத்தா, தொடங்கின வருஷம் போக 3 வருஷம் வரைக்கும் சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்கறது) வரலாம். பணம் எங்கேர்ந்து வரும்னு எழுத, ஷீட்ல அதுக்கடுத்த வருஷத்துக்கும் ஒரு கட்டம் போடுங்க. அது காலியா இருந்தா கட்டடப் பேச்சையே எடுக்காதீங்க.

3. பேப்பர்

12ஏ, 80ஜி (டிரஸ்ட்டுக்கான வருமான வரிப் பதிவுகள்) வாங்கிட்டு சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் பணம் வாங்கறதுக்கான பதிவுப் படிவம்) போடுங்க. 2021 ஏப்ரல் 1-லேர்ந்து இந்தப் பதிவு எண் இல்லாம கிண்டி, நுங்கம்பாக்கம்னு எந்த கம்பெனி ஆபீஸ் படி ஏறினாலும் பிரயோஜனமில்ல. அந்தப் படிவத்துக்கு ஆடிட்டரோட டிஜிட்டல் கையெழுத்து வேணும். டிரஸ்ட் பத்திரத்துல இருக்கற பேரும் பான்ல இருக்கற பேரும் புள்ளி, இனிஷியல் உட்பட ஒத்துப்போகுதான்னு முதல்லயே பாருங்க. 3 வருஷ அனுபவமும் கேப்பாங்க. புது டிரஸ்ட்னா தனியார் நன்கொடையில ஆரம்பிங்க.

பின்சேர்க்கை: சிஎஸ்ஆர் செலவுல நிர்வாகத்துக்கு 5% வரைக்கும்தான்னு ஒரு வரம்பு இருக்கு; நர்ஸ் சம்பளம் அதுக்குள்ள வருமான்னு கமென்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வராது. அந்த 5% கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலையை நிர்வாகம் பண்றதுக்கு. கிளினிக்ல வேலை பார்க்கறவங்க சம்பளம் திட்டச் செலவு. பட்ஜெட்ல அதை 'நிர்வாகம்'ங்கற தலைப்புல போடாதீங்க. போட்டா முதல்ல வெட்டறது அந்த வரியைத்தான்.