ஆழத்து நாணயம் வேண்டுமா? சென்சிடிவிட்டியை இறக்குங்கள்

மெட்டல் டிடெக்டரில் ஆழத்து நாணயம் சிக்க, சென்சிடிவிட்டியை (சிக்னலைப் பிடிக்கும் கூர்மையை) முழுசாக ஏற்றிவைக்காதீர்கள். முதலில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் சொந்தச் சிக்னலைக் கருவி ஒதுக்கும்படி சரிசெய்யுங்கள். பிறகு காயிலை (கம்பின் அடியில் உள்ள தட்டை) தரைமேல் ஆட்டிப் பார்த்து, கொரகொரப்பு அடங்கும்வரை சென்சிடிவிட்டியை ஒவ்வொரு புள்ளியாக இறக்குங்கள்.

மண்ணில் உள்ள இரும்புத் தாதும் சிக்னல் தரும். செம்மண்ணில் கேட்கவே வேண்டாம். சென்சிடிவிட்டியை ஏற்றினால் அந்த இரைச்சலும் கூடவே ஏறி, ஒரு சாண் ஆழத்து நாணயத்தின் மெல்லிய சத்தத்தை விழுங்கிவிடும். அந்தச் சத்தம் ஹெட்போன் போட்டால்தான் காதில் விழும், தயவுசெய்து ஸ்பீக்கரை நம்பாதீர்கள்.

காயில் புல்லை உரசுகிற அளவு தாழ இருக்கட்டும், ஆட்டுவதும் நிதானமாக. கான்சென்ட்ரிக் (வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றிய) காயிலின் வீச்சு கீழே போகப் போகக் கூம்பாகக் குறுகும். ஆகவே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதில் பாதியையாவது மூட வேண்டும். டபுள் டி (இரண்டு D வடிவச் சுற்றுகள் கொண்ட) காயிலுக்கு இவ்வளவு நெருக்கம் வேண்டாம்.

கடற்கரை ஈர மணலில் ஒற்றை அலைவரிசைக் கருவிக்கு சென்சிடிவிட்டியை இறக்குவது மட்டும் போதாது. உப்புநீரே மின்சாரம் கடத்துவதால் கத்திக்கொண்டே இருக்கும். அங்கே பல அலைவரிசைக் கருவியோ, விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷனோதான் சரி. ஆணியும் தகரமும் மண்டிய பழைய மனையில் சின்னக் காயிலுக்கு மாறுங்கள்.